உடம்பால் உணரும் கலைக்கூடம்: முதல்முறை அமைப்பவர்களுக்கு

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு வாடகைக் கூடத்தில் ஒன்பது நாள் ஒரு கலைப்படைப்பை நடத்தினேன். சுவரில் படம் பார்த்துவிட்டுப் போகிற வகை அல்ல அது. நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் நாடித்துடிப்பே முதுகில் அதிரும். கண்முன்னே வீடியோ காட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்தால், உங்கள் மடி இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் மடி தெரியும். அடுத்த அறையில் இருட்டு. அங்கே தொங்கும் துணியைத் தொட்டால், அதை உடுத்தியவரின் குரல் கேட்கும். உடல், பாலினம், 'நான்' என்ற உணர்வு ஆகிய மூன்றும் எங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்பதை வருகிறவர் தன் உடம்பாலேயே தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஏழு மாதம் ஆனது. 1,20,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன், 2,01,000 செலவானது. இந்த வேலையில் இறங்கப்போகும் உங்களுக்கு இந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. கருவி வாங்குமுன் ஒரு தாள் எழுதுங்கள்

வருகிறவரின் உடம்பு ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்கிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். 'முதல் நிமிடம்: செருப்பைக் கழற்றுகிறார், பாதத்தில் ஈரக் கோரைப்பாய். இரண்டாம் நிமிடம்: உட்காருகிறார், விரலில் கிளிப் மாட்டப்படுகிறது' என்கிற மாதிரி. 'அடையாளத்தின் நெகிழ்வை ஆராய்கிறது' போன்ற வரிகளை நிதி உதவி விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் கண், காது, தோல், மூக்கு மட்டும் வரட்டும். என் முதல் தாளில் ஏழு நிலைகள் இருந்தன. மூன்றாகக் குறைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

ஹெட்செட் இல்லாமலே செய்ய முடியுமா என்றும் யோசியுங்கள். பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1967-இல் செய்த 'நானும் நீயும்' என்ற படைப்பில் மின்கருவி எதுவும் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உடலை மூடும் உடைகளை அணிந்திருப்பார்கள். இரண்டு உடைகளையும் ஒரு குழாய் இணைத்திருக்கும். கண்கள் மூடியிருக்க, ஒருவர் உடையின் ஜிப்பை மற்றவர் திறந்து உள்ளே இருப்பதைக் கையால் தடவி அறிவார்கள். கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் இந்த வழியில் யோசியுங்கள். நல்ல தையல்காரர் ஒருவர் போதும்.

ஹெட்செட் வழி என்றால் அதன் அடிப்படை இதுதான். 1998-இல் மேத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹென் என்ற ஆய்வாளர்கள் ரப்பர் கைச் சோதனையை வெளியிட்டார்கள். உங்கள் கையை மறைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் தடவினால், சிறிது நேரத்தில் தொடுதல் ரப்பர் கையிலேயே நடப்பதாக உணர்வீர்கள். 2020-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள் இதை முழு உடலுக்குச் செய்தார்கள். ஹெட்செட்டில் எதிர்பாலின உடல் தெரிய, தொடுதலும் காட்சியும் பொருந்தியபோது, பங்கேற்றவர்கள் தங்கள் பாலினத்தைப் பற்றிச் சொன்ன உணர்வே சற்று இளகியது. பொருந்தாதபோது அப்படி ஆகவில்லை. ஆகவே உங்கள் வேலை முழுவதும் அந்த 'ஒரே நேரத்தில்' என்பதில்தான் நிற்கிறது. அரை நொடி பிசகினால், வருகிறவர் யாரோ ஒருவரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

2. உடலும் குரலும் தருபவர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம்

ஐந்து பேர் எனக்குத் தங்கள் குரலையும் துணியையும் தந்தார்கள். இரண்டு திருநங்கைகள், ஒரு திருநம்பி, ஓர் ஆண், ஒரு பெண். முதல் சுவரொட்டியில் 'எட்டு நிமிடம் இன்னொரு பாலினமாக வாழ்ந்து பாருங்கள்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த அந்தத் திருநங்கைகளில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எட்டு நிமிஷத்துல கழட்டி வச்சிட்டுப் போறதுக்கு அது என்ன தம்பி, ஹெட்செட்டா?" அச்சுக்குப் போயிருந்த 200 சுவரொட்டிகளையும் நிறுத்தினேன். யாருடைய வாழ்க்கையையும் வாழ்ந்து பார்க்கலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'இன்னொருவர் பக்கத்தில் எட்டு நிமிடம்' என்று மாற்றினோம். நிகழ்ச்சியின் அமைப்பும் அதோடு மாறியது. வருகிறவர் 'அவராக' மாறுவதற்குப் பதில், தன் உடம்பு தனக்கே எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்று கேட்டுக்கொள்வதாக ஆனது.

ஒப்பந்தம் இரண்டு பக்கத் தமிழில் போதும். எந்தப் பதிவு, எத்தனை நாள், எந்த ஊர், இணையத்தில் போடலாமா கூடாதா, எவ்வளவு பணம், பெயர் வேண்டுமா வேண்டாமா, மனம் மாறினால் எந்தத் தேதி வரை விலகலாம் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். 'எல்லா ஊடகங்களிலும் என்றென்றைக்கும்' என்ற வரி இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களில் எல்லாம் இருக்கும். அதை அடித்துவிடுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே தொகை, ஆளுக்கு 5,000, ஒலிப்பதிவு அன்றே கொடுத்தேன்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, வங்கிக் கணக்கில் பழைய பெயர் இருக்கலாம். பணத்தை எப்படி வாங்கிக்கொள்ள விருப்பம் என்று தனியாகக் கேளுங்கள். ரசீதில் உள்ள பெயர் உங்களையும் கணக்கு பார்ப்பவரையும் தாண்டி யார் கண்ணிலும் படக்கூடாது. இரண்டாவது, திருநர் அடையாளச் சான்றிதழைக் கேட்காதீர்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியர் தருகிறார். அது குரல் தருபவரின் அரசு ஆவணங்களுக்கானது, உங்கள் கோப்புக்கு அது தேவையே இல்லை. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஒலிப்பதிவில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்பதில் பாலினம் தெரியும். 'நான் வந்தேன்' என்பதில் தெரியாது. ஆகவே ஐந்து பேரையும் 'நான்' என்றே பேசச் சொன்னேன். 'அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில நின்னேன், காத்து உள்ள புகுந்துச்சு' என்று இருட்டில் ஒரு குரல் சொல்லும்போது, கேட்பவர் சொன்னவரை எந்தப் பெட்டியிலும் போட முடியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறார். சட்டைத் துணி அவர் விரல்களுக்கு நடுவே இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய்க் கருவி வாங்கியிருந்தாலும் இது கிடைத்திருக்காது. சுவர் எழுத்துகளிலும் 'அவன்', 'அவள்' வராமல் 'அவர்' என்றே எழுதுங்கள். சொற்களில் சந்தேகம் வந்தால் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட சொற்பட்டியலைப் பாருங்கள். திருநர், ஊடுபால் (இன்டர்செக்ஸ்), பால்புதுமையர் (குயர்) எல்லாம் அதில் உண்டு.

3. இடம் பிடிப்பது

கூடத்துக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்னால் எழுதுங்கள். டிசம்பர், ஜனவரியில் வேண்டுமென்றால் இன்னும் முன்னதாக. பொதுவாகக் கேட்பவை இவை: படைப்பைப் பற்றி ஒரு பக்கம், பழைய வேலைகளின் படங்கள், தரை வரைபடம், மின்சாரத் தேவை, அடையாள அட்டை நகல், முன்பணம். பழைய வேலை எதுவும் இல்லையென்றால், வீட்டு அறையிலேயே ஒரு நிலையை மட்டும் அமைத்து இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

நேரில் போய்ப் பார்க்கும்போது கையில் டேப்பும் டெஸ்டரும் இருக்கட்டும். எனக்கு 15 அடிக்கு 20 அடி இடம் போதுமானதாக இருந்தது. சுவரின் அழகைவிட ஸ்விட்ச் போர்டு முக்கியம். ஏசியும் நம் கருவிகளும் ஒரே எம்.சி.பி.யில் (சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கின்றனவா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. முதல் நாள் மாலை, உள்ளே ஆறு பேர் இருக்கும்போது ட்ரிப் ஆகி எல்லாம் அணைந்தது. இருட்டில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அவர் கை நடுங்கியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் காலை எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி லைன் இழுத்தோம். இருட்டறையில் பேட்டரி அவசர விளக்கு ஒன்றும், வழி காட்ட மங்கலான தரை விளக்கும் கட்டாயம் வேண்டும்.

அதோடு இவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி வரை ஒலி அனுமதி, சுவரில் ஆணி அடிக்கலாமா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், ஆண் பெண் பலகை இல்லாத ஒரு கழிப்பறையாவது தர முடியுமா. கடைசிக் கேள்விக்கு எங்கள் கூடத்தில் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அலுவலகக் கழிப்பறையின் சாவியைத் தந்தார்கள்.

திறந்த வெளியில் நடத்துவதானால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சினிமாப் பாட்டு ஒரு வரி சேர்த்தாலும் உரிமம் வேண்டும். 'முப்பது நொடிக்குள் என்றால் பரவாயில்லை' என்பார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. நாங்கள் பதிவு செய்த ஒலிகளை மட்டுமே வைத்துக்கொண்டோம்.

4. கருவிகள்

பார்சிலோனாவில் தொடங்கிய பீஅனதர்லேப் என்ற கலைக்குழுவின் 'தி மெஷீன் டு பி அனதர்' படைப்பில், இரண்டு பேர் நேரலையாக ஒருவர் பார்வையை ஒருவர் மாற்றிக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் நேரலையில் இறங்கினேன். கேமரா, கணினி, கேபிள் என்று இரண்டு மாதம் போனது, தாமதத்தைக் குறைக்க முடியவில்லை. முதல்முறை என்றால் பதிவு செய்த வீடியோவோடு நில்லுங்கள். குரல் தந்தவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் கண் மட்டத்தில் 180 பாகைக் கேமராவை மடியை நோக்கி வைத்து எடுத்தோம். ஒரு பிரஷ் அவர் இடது கையைத் தடவிக்கொண்டே இருக்கும். கூடத்தில் உதவியாளர் அதே தாளத்தில் வருகிறவரின் இடது கையைத் தடவுவார். உதவியாளர் காதில் இயர்போனில் 'மேல்… கீழ்… விரல்…' என்ற எண்ணிக்கை ஓடும். வீடியோவும் எண்ணிக்கையும் ஒரே பொத்தானில் தொடங்க வேண்டும்.

நாற்காலியின் உயரம், மேசையின் உயரம், கை இருக்கும் இடம் மூன்றும் படப்பிடிப்பிலும் கூடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் மேசை இரண்டு அங்குலம் உயரமாக இருந்ததால் முதல் ஒத்திகையில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. தச்சர் மேசைக் கால்களை அறுத்துக் கொடுத்த பிறகு, உட்கார்ந்த முதல் ஆளே "என் கைதானே இது?" என்றார்.

நாடித்துடிப்புக்கு விரலில் மாட்டும் சென்சார், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, நாற்காலிக்கு அடியில் அதிர்வு ஸ்பீக்கர். ஏசி அறையில் விரல் குளிர்ந்துபோனால் சென்சார் படிக்காது. வெந்நீர்ப் பை ஒன்றை வைத்து முதலில் கையைச் சூடாக்கச் சொல்லுங்கள். துணிகளின் ஓரத்தில் மெல்லிய செம்புக் கம்பி தைத்துத் தொடு சென்சாரில் இணைத்தோம். நம் ஊர் ஈரக் காற்றில் யாரும் தொடாமலே குரல் கேட்கும். தினமும் திறக்குமுன், ஏசி போட்டு அரை மணி கழித்து, அளவைத் திரும்பச் சரிசெய்யுங்கள்.

5. மணம், சுத்தம்

ஊதுபத்தி வேண்டாம். புகை மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, புகை அலாரமும் அடிக்கும். மல்லிகை மாலைக்குள் அழுகல் வாடை அடிக்கத் தொடங்கும். பழைய பீரோ வாசனைக்காக நாப்தலின் உருண்டை போட நினைத்தேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதனால் ரத்த அணுக்கள் சிதையக்கூடும் என்று ஒரு மருத்துவ நண்பர் தடுத்துவிட்டார். கடைசியில் நனைத்த வெட்டிவேரும், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்தித் துணியின் வாசனையும் மட்டும் வைத்தோம். அதுவே போதுமானதாக இருந்தது. வாசலில் 'உள்ளே வெட்டிவேர் மணம் உண்டு' என்று எழுதி வையுங்கள்.

ஹெட்செட்டில் தேங்காய் எண்ணெய், மை, விபூதி, குங்குமம் எல்லாம் ஒட்டும். தலைக்கு ஒருமுறை பயன்படுத்தும் தொப்பியும், முகத்துக்குக் காகித மறைப்பும் கொடுங்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்துக் காய வைக்க வேண்டும். பிரஷ்களில் பத்து வாங்கிக்கொண்டு, ஒருவருக்கு ஒன்று என்று மாற்றி, சோப்பில் கழுவுங்கள்.

6. ஒப்புதல் படிவம்

இதற்குத்தான் நான் அதிகம் நேரம் செலவிட்டேன். நீங்களும் செலவிடுங்கள். வருகிறவர் தன் உடம்பையே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறார். ஒரே பக்கம், பெரிய எழுத்து, தனித்தனிக் கட்டங்கள்: கையைத் தொடலாமா, ஹெட்செட் சரியா, இருட்டறை சரியா, படம் எடுக்கலாமா. ஒன்றுக்கு 'வேண்டாம்' என்றாலும் மற்றவற்றை அனுபவிக்க வழி இருக்க வேண்டும். தொட வேண்டாம் என்பவர்களிடம் பிரஷ்ஷைக் கொடுத்துத் தாங்களே தடவிக்கொள்ளச் சொன்னோம். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

வலிப்பு, தலைசுற்றல், கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கை எழுதுங்கள், ஆனால் அவரிடம் விவரம் கேட்காதீர்கள். ஒளி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார், வயது, முகவரி எதுவும் வேண்டாம். தனிநபர் தரவுக்கு 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. வாங்காத தகவலைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுக்கு இல்லை. நுழைவுப் பதிவுக்கு இணையத்தில் கிடைக்கும் படிவங்கள் பலவற்றில் ஆண்/பெண் கட்டம் கட்டாயமாக இருக்கும். பாலினத்தைப் பற்றிய படைப்புக்கு வருகிறவரை வாசலிலேயே அந்தக் கட்டம் நிறுத்துகிறது. இரண்டு நாள் ஓடிய பிறகுதான் நான் கவனித்தேன், ஒருவர் பதிவு செய்யாமலே திரும்பிப் போயிருந்தார்.

கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம் என்று வாயாலும் சொல்லுங்கள். சிலருக்கு, குறிப்பாகத் தன் உடலோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு, இந்த அனுபவம் மிக ஆழமாகப் போகும். வெளியே ஒரு தனி மூலையில் நாற்காலி, தண்ணீர், பேச விரும்பினால் ஓர் ஆள், சுவரில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. மூன்றாம் நாள் ஓர் இளைஞர் அந்த நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது இன்னொரு முறை வரலாமா என்று கேட்டார், வந்தார்.

7. செலவு

என் கணக்கு இது. ஒன்பது நாள் வாடகை 54,000. இரண்டு ஹெட்செட் வாடகை 21,600. ஒலிக் கருவிகள் 14,000, சென்சார் வகையறா 6,500. துணி, தையல் 18,000, தச்சு வேலை 16,000. உதவியாளர் மூவருக்கு நாளுக்கு 800 வீதம், இரண்டு நாள் பயிற்சியும் சேர்த்து 26,400. குரல் தந்தவர்களுக்கு 25,000. தொப்பி, துடைப்பான் முதலியவை 7,000, வண்டி 8,000, அச்சு 4,500.

கருவிகளுக்கு 42,100 ஆனது, மனிதர்களுக்கு 51,400. என் முதல் பட்ஜெட்டில் உதவியாளருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, நண்பர்கள் வருவார்கள் என்று நம்பினேன். நண்பர்கள் இரண்டு நாள் வருவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையைத் தொடும் வேலையைப் பயிற்சி இல்லாதவரிடம் விடவே கூடாது. நிதி உதவிக்கு பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகளைப் பாருங்கள். முடிவு தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கூடத்துக்கு முன்பணம் கட்டும் முன்னாலேயே விண்ணப்பியுங்கள்.

8. கால அட்டவணை

முதல் இரண்டு மாதம் தாளும் ஒப்பந்தமும் ஒலிப்பதிவும். மூன்றாவதில் கூடம், நிதி விண்ணப்பம். நான்கும் ஐந்தும் கருவி. ஆறாவது முழுக்க ஒத்திகை. குறைந்தது இருபது பேரை வைத்து ஒத்திகை பாருங்கள். அதில் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், கண்ணாடி போடுபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருக்கட்டும். கூடத்தில் பொருத்த மூன்று நாள் கேளுங்கள். ஒரு நாள்தான் தருவோம் என்பார்கள், இரண்டாவது நாளுக்கு வாடகை கொடுத்தாவது வாங்குங்கள்.

ஒருவருக்கு எட்டு நிமிடம், சுத்தம் செய்ய ஐந்து. ஆறு மணி நேரத்தில் ஓர் இருக்கைக்கு 27 பேர்தான். சனி ஞாயிறு கூட்டத்தைப் பார்த்து அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். குறைத்த அன்று எல்லாரும் அவசரமாக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். நேரம் போட்டுச் சீட்டுக் கொடுங்கள்.

9. மூடிய பிறகு

முன்பணம் பதினைந்து நாளில் வரும் என்று எனக்கு வாயால் சொல்லியிருந்தார்கள், வந்தது இரண்டரை மாதம் கழித்து. சாவி கொடுக்கும் அன்றே அறையைப் படம் எடுத்து, கூட மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒப்புதல் படிவங்களைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில் பதிவுகளைக் கணினியிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழித்து, அழித்துவிட்டதாகக் குரல் தந்தவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள்.

துணிகளிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்தெடுக்க ஒரு முழு நாள் ஆகும். துவைத்து, கஞ்சி போட்டு, நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் சுவரொட்டி பற்றிக் கேட்ட அக்கா, தன் சேலையை வாங்கி முகர்ந்து பார்த்து, "வெட்டிவேர் இன்னும் போகல" என்றார். இன்னொரு முறை துவைத்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று மடித்துப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார்.